சட்டை பிறக்காத துணி

நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்தாறு. அவருக்குக் குருவாக வாய்த்த மரகதத்துக்கு நாற்பத்தொன்று. திருப்பூரில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. சிரிக்கட்டும். வாய் சும்மா இருக்கிறவன் சிரிக்கிறான், கை சும்மா இருக்க முடியாதவன் கற்றுக்கொள்ளப் போகிறான்.

முப்பது வருஷம் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் நாச்சிமுத்து. நூறு அடுக்குத் துணியை மேசையில் விரித்து, மேல் அடுக்கில் கோடு போட்டு, மிஷினை ஓட்டினார் என்றால் அடி அடுக்கு வரைக்கும் ஒரு நூல் பிசகாது. பிறகு கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கோட்டையும் அதுவே போட்டது, துணியையும் அதுவே வெட்டியது. முதலாளி ஒரு சால்வையைப் போர்த்தி, கையில் ஒரு குத்துவிளக்கைக் கொடுத்து, "போயிட்டு வாங்க மாஸ்டர்" என்றார்.

"மாஸ்டர்" என்று கூப்பிட ஆளில்லாத வீட்டில் அவருக்கு உட்காரவும் பிடிக்கவில்லை, படுக்கவும் பிடிக்கவில்லை. நாற்பது நாள் பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் முடியாமல் மரகதத்தின் வேஸ்ட் குடோன் வாசலில் போய் நின்றார்.

"தொழில் கத்துக்கணும்ங்க."

"நீங்க மாஸ்டருங்களே," என்றார் மரகதம்.

"வெட்டறதுக்குத்தானுங்க மாஸ்டர். வெட்டி மிஞ்சுனதை நான் திரும்பிப் பார்த்ததே இல்லைங்க. கூட்டித் தள்ளச் சொல்லிப் போட்டு அடுத்த மேசைக்குப் போயிருவேன்."

மரகதம் ஒரு கோணிச்சாக்கை எடுத்து உதறித் தரையில் விரித்தார்.

"உக்காருங்ணா."

அவ்வளவுதான் தீட்சை.

சட்டை வெட்டியபின் கம்பெனிகளில் மிஞ்சுகிற துண்டுகளெல்லாம் மூட்டை மூட்டையாக அந்தக் குடோனுக்குத்தான் வரும். நாற்பது பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறம் பிரிப்பார்கள். சிவப்பு சிவப்போடு, கத்தரிப்பூ கத்தரிப்பூவோடு. பிரித்ததை மில்லுக்காரர்கள் வாங்கிக் கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூலாக நூற்பார்கள். சிவப்புத் துண்டிலிருந்து சிவப்பு நூலே வரும். புதிதாகச் சாயம் போட வேண்டியதில்லை, ஆற்றில் சாயத் தண்ணீர் விட வேண்டியதும் இல்லை. கேட்க எளிதாக இருக்கிறது. உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால்தான் முதுகெலும்பு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

நாச்சிமுத்து ஒரு வருஷம் பிரித்தார். எது முழுப் பருத்தி, எதில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது என்று நூலைக் கொளுத்தி மோந்து பார்க்கக் கற்றார். காகிதம் எரிகிற வாசம் என்றால் பருத்தி. உருகி உருண்டையாக ஒட்டிக்கொண்டால் பாலியஸ்டர். முதல் வாரத்திலேயே மோந்து பார்க்கிற ஆர்வத்தில் மீசையில் பாதியைப் பொசுக்கிக்கொண்டார். பிரிக்கிற பெண்களில் வாய்த்துடுக்கு அதிகம் பூவாத்தாளுக்கு. "அண்ணோ, உங்க மீசை சுத்தப் பருத்திங்கோ!" என்று கத்தினாள். குடோனே சிரித்தது. நாச்சிமுத்துவும் சிரித்துவிட்டார். கம்பெனியில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மரகதம் அதிகம் பேச மாட்டார். கேள்வி கேட்டால் பதிலுக்கு ஒரு துண்டை எடுத்துக் கையில் கொடுப்பார். அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் சாயங்காலத்துக்குள் பதில் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் மறுநாளும் அதே துண்டுதான்.

அந்த வருஷம் மரகதம் பெருமாநல்லூர் ரோட்டில் புதிதாக ஒரு ஷெட் போட்டார். வெள்ளைத் துணிக்கு மட்டும் தனிக் குடோன். முப்பது பெண்களுக்கு வேலை. அதை யார் பார்த்துக்கொள்வது என்று ஆளாளுக்கு ஒரு பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் மரகதம் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார்.

"தண்டபாணி மில்லுக்கு வெள்ளை ஆயிரம் கிலோ வேணுமாங்ணா. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு லாரி வரும். இந்த லோடை நீங்க ஒருத்தரா நின்னு சேர்த்துக் குடுங்க. நல்லபடியாக் குடுத்துட்டீங்கன்னா பெருமாநல்லூர் ஷெட்டு உங்க பொறுப்பு."

நாச்சிமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டார். முப்பது பெண்கள். காலையில் உள்ளே நுழைந்தால் முப்பது வாயும் "வாங்க மாஸ்டர்" என்று சொல்லும். வெளியே சொன்னால் வெட்கம்தான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக மனிதர் சோறு தண்ணியை மறந்தார்.

குடோனில் ஏற்கெனவே வெள்ளை அறுநூறு கிலோ பிரித்துக் கிடந்தது. மீதி நானூறு. மொபெட்டை எடுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக அலைந்தார். முப்பது வருஷப் பழக்கம், வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை. ஆனால் போகிற இடத்திலெல்லாம் மூட்டை சின்னதாகிப் போயிருந்தது. போன வருஷம் பத்து மூட்டை விழுந்த இடத்தில் இப்போது ஆறு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எடை போட்டால் எண்ணூறு. அதற்கு மேல் ஒரு கிலோ புரளவில்லை.

"மாஸ்டர், வெள்ளை வரமாட்டேங்குதுங்க," என்று மரகதத்திடம் போய் நின்றார். குருவான நாளிலிருந்து மரகதம்தான் அவருக்கு மாஸ்டர்.

"ஏனுங்ணா?"

"எல்லாக் கம்பெனிலயும் கம்ப்யூட்டர் கோடுங்க. துணிய ஒட்ட ஒட்ட வெட்டறானுங்க. வேஸ்ட்டே விழறதில்லைங்க."

"நல்லதுதானுங்களே."

"என்னுங்க நல்லது? நாம வேஸ்ட்ட வெச்சுத்தானுங்களே பொழைக்கறோம்?"

மரகதம் சிரித்தார். "குப்பை கொறைஞ்சு போச்சேன்னு அழுவற மொத ஆளு நீங்கதானுங்ணா."

நாச்சிமுத்துவுக்கு எரிச்சல்தான் வந்தது. சிரிக்கிற நேரமா இது? எண்ணூறு போனால் ஷெட் போச்சு. இருநூறு கிலோவுக்கு எந்தச் சாமியை வேண்டுவது?

புதன்கிழமை காலையில் சாமி வேலுச்சாமி ரூபத்தில் வந்தது. வேலுச்சாமி பழைய கூட்டாளி, சின்னதாக ஒரு கம்பெனி வைத்திருக்கிறவன். நாலு மேசை, எட்டுத் தையல் மிஷின், பாதி நாள் பூட்டு. அவன் கம்பெனி மூலையில் வெள்ளைத் துணி ரோல் ரோலாக அடுக்கி வைத்திருந்தது.

"இதென்னப்பா?" என்றார் நாச்சிமுத்து.

"ஆர்டர் கேன்சல் ஆயிருச்சு. ஒரு வருசமா இப்படியே கெடக்குது. எலி குட்டி போட்டிரும்போல. எடுத்துட்டுப் போறியா?"

"முழுத் துணி எங்களுக்கு ஆகாதப்பா. வெட்டி மிஞ்சுன துண்டுதான் எடுப்போம். மில்லுல அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்குது."

"அட, துண்டுதானே வேணும்? மேசை இருக்குது, மிஷின் இருக்குது, நீ இருக்கறே."

நாச்சிமுத்து மூலைக்குப் போனார். ரோலைத் தடவிப் பார்த்தார். நல்ல துணி. அங்கங்கே லேசாகப் பழுப்பேறியிருந்தது, வெளுத்தால் போய்விடும். யாரும் உடுத்தப் போவதில்லை, மூலையில் மக்கப் போகிறது. மக்கிப் போகிற துணியும் வேஸ்ட்தானே? மில்லில் போய்க் கிழிபட்டு நூலாகட்டுமே, யார் குடி கெட்டது? மனசு ஒரு வழியில் இறங்கிவிட்டால் நியாயத்துக்கா பஞ்சம்? வண்டி கட்டிக்கொண்டு வரும்.

மத்தியானம் துணியை விரித்தார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் கட்டிங் மிஷினின் சத்தம் காதில் விழுந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கோணல் மாணலாக வெட்ட வேண்டும் என்பதுதான் திட்டம். வேஸ்ட் என்றால் வேஸ்ட் மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? மிஷினை வளைத்துப் பிடித்தார். கை வரவில்லை. இன்னொரு தரம் வளைத்தார். நல்ல துணியைக் கோணலாக வெட்ட அந்தக் கைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, இந்த வயதில் அது கற்றுக்கொள்ளவும் தயாராக இல்லை. கடைசியில் அது தன் இஷ்டத்துக்கு ஓடியது. ஒன்றரைச் சாண் சதுரம், ஒன்றரைச் சாண் சதுரம் என்று வரிசையாக இறங்கியது. வெட்டி முடித்தபோது மேசையில் ஒரு விரல் அகலத்துக்குக்கூடத் துணி மிஞ்சியிருக்கவில்லை.

"அடேங்கப்பா, கை அப்படியே இருக்குதே!" என்றான் வேலுச்சாமி.

நாச்சிமுத்துவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதே அந்த நேரம் மறந்து போயிருந்தது.

வியாழக்கிழமை காலை. இருநூறு கிலோ குடோனில் இறங்கியது. பூவாத்தாள்தான் முதல் மூட்டையைப் பிரித்தாள்.

"அண்ணோ, இதென்னுங் கர்ச்சீப் கடையாட்டம் இருக்குது?"

"வாய மூடிட்டு வேலையப் பாரு புள்ளே," என்று எரிந்து விழுந்தார் நாச்சிமுத்து. அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. பூவாத்தாள் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றாள்.

மரகதம் வந்தார். ஒரு சதுரத்தை எடுத்தார். விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"எங்கீங்ணா எடுத்தீங்க?"

"வேலுச்சாமி கம்பெனிலீங்க. கட்டிங் வேஸ்ட்டுங்க."

"என்ன வெட்டுனாங்களாம்?"

"டீசர்ட்டுங்க."

மரகதம் தலையாட்டினார். உள்ளே போய் இன்னும் பிரிக்காத ஒரு சின்ன மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வாரம் வேறொரு கம்பெனியிலிருந்து வந்தது, ஒரே மேசையில் விழுந்த துண்டுகள்.

"ஒரு சந்தேகம்ங்ணா. நீங்கதான் தீர்த்து வெக்கோணும். இந்த மூட்டையில ஒரே ஒரு அடுக்குத் துண்டை மட்டும் எடுத்துக்கங்க. மேசையில எப்படிக் கெடந்துச்சோ, அப்படியே இந்தத் தரையில வெச்சுக் காட்டுங்க."

நாச்சிமுத்துவுக்கு இது என்ன விளையாட்டு என்று புரியவில்லை. ஆனால் கட்டிங் மாஸ்டருக்கு அது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை. குந்தினார். நீளமான கரைத்துண்டை இப்படி வைத்தார். கை வளைவுத் துண்டுகள் இரண்டை எதிரும் புதிருமாக வைத்தார். கழுத்திலிருந்து விழுந்த அரைவட்டத்தை மேலே வைத்தார். தோள் சரிவுக்கு இரண்டு கீற்று. இடுப்புக்குக் கீழே ஒரு பட்டை.

வைத்து முடித்துக் கையை எடுத்தார்.

நடுவில் வெறும் சிமெண்டுத் தரை. அந்தத் தரை ஒரு சட்டையாக இருந்தது. கழுத்து, தோள், கை நுழைகிற வளைவு, இடுப்பு எல்லாம் அச்சாகத் தெரிந்தது. பெண்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"அட, சட்டை!" என்றாள் பூவாத்தாள்.

"எந்தச் சைஸுங்ணா?" என்றார் மரகதம்.

"பத்து வயசுப் பையன் சைஸுங்க," என்றார் நாச்சிமுத்து, தன்னை மறந்து.

"இப்ப உங்க மூட்டையில இருந்து வெச்சுக் காட்டுங்க."

நாச்சிமுத்துவின் கை நின்றது. வேறு வழியில்லை. ஒரு சதுரத்தை வைத்தார். பக்கத்தில் இன்னொன்று. கீழே இரண்டு. விளிம்போடு விளிம்பு அப்படிப் பொருந்தியது. டைல்ஸ் பதித்த மாதிரி, ஒரு ஊசி போக இடமில்லை. எட்டு வைத்தார். பன்னிரண்டு வைத்தார். வைக்க வைக்க முழுத் துணிதான் தரையில் விரிந்துகொண்டே போனது.

மரகதம் பக்கத்தில் குந்தினார்.

"இதுல சட்டை எங்கீங்ணா?"

நாச்சிமுத்து கோணாத ஒரு விளிம்பைச் சரிசெய்தார்.

"கழிவை இத்தனை அழகா யாருங்ணா வெட்டுவாங்க? இந்த ஊர்ல ஒரே ஒரு கைதானுங்களே இப்படி வெட்டும்?"

அவருக்குக் காது இரண்டும் சுட்டது. நாற்பது பெண்களுக்கு நடுவில் நின்று பொய் மாட்டிக்கொள்வதைவிடப் பூமி பிளந்து விழுங்கியிருக்கலாம். ஆனாலும் மனிதர் ஒப்புக்கொள்வாரா? ரோசம் முந்திக்கொண்டது.

"வெட்டுனேன்தானுங்க! கேன்சலான துணிங்க. ஒரு வருசமா மூலையில கெடந்ததுங்க. எப்படியும் மக்கித்தானுங்க போயிருக்கும். அதையும் நூலாக்குனா நல்லதுதானுங்களே? நான் என்ன கொலையா பண்ணிப்போட்டேன்?"

மரகதம் கோபப்படவில்லை. ஒரு சதுரத்தை மடியில் வைத்து நீவிக்கொண்டே சொன்னார்.

"ஒரு ஊர்ல ஒரு மனுசன் இருந்தானாம்ங்ணா. பழைய சோறு ஒடம்புக்கு நல்லதுன்னு யாரோ சொல்லிப் போட்டாங்க. அதுல இருந்து அவன் வீட்டுல அடுப்புல இருந்து சோத்தை எறக்குன ஒடனே தண்ணி ஊத்தி மூடி வெச்சுருவானாம். புள்ளைக தட்டை வெச்சுட்டு முன்னால உக்காந்திருக்குமாம். 'பசிக்குதப்பா'ன்னு கேட்டா, 'இரு சாமி, நாளைக்குப் பழசாகட்டும்'பானாம்."

பூவாத்தாள் களுக்கென்று சிரித்தாள். நாச்சிமுத்து சிரிக்கவில்லை.

"அப்ப லோடுங்க?" என்றார்.

"எண்ணூறு இருக்குதில்லீங்களா? எண்ணூறு போகும்."

அப்ப ஷெட்டுங்க என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு லாரியோடு தண்டபாணியே வந்தார். மில் அவருடையது. அவரிடம் நூல் வாங்கித் துணியாக்கி டீசர்ட் தைக்கிற கம்பெனியும், அதை வாங்குகிற வெளிநாட்டுக்காரனும் வரிசையாக அவர் தலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எண்ணூறா? என்ன அம்மிணி வெளையாடறீங்க? சட்டையில இருபது சதவீதம் கழிவு நூலுன்னு லேபிள் அடிச்சாச்சு! எண்ணூறை வெச்சு இருபது எப்படி வரும்?"

"வராதுங்க. பதினாறுதான் வரும்."

"அப்பறம்?"

"லேபிள்ல பதினாறுன்னு அடிக்கச் சொல்லுங்க."

"ஏன்ம்மா, லேபிள் அடிச்சது உங்களுக்கு அவ்வளவு லேசாப் போச்சா?"

"லேபிளை மாத்தி அடிக்கலாம்ங்க. துணிய வெட்டிட்டா மாத்தி ஒட்ட முடியாதுங்க."

தண்டபாணிக்கு அது விளங்கவில்லை. விளக்கவும் மரகதம் முயலவில்லை. நாச்சிமுத்து தூணோரம் நின்று பார்த்தார். மூலையில் அந்த இருநூறு கிலோ மூட்டை மூட்டையாக இருந்தது. மரகதம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அல்லது சொல்லாமல் கையைக் காட்டினால்கூடப் போதும். லோடு நிறைந்துவிடும். தண்டபாணிக்குத் தெரியப் போகிறதா?

தண்டபாணியின் பார்வையும் அங்கேதான் போனது.

"அதென்ன மூட்டை? வெள்ளையாட்டத் தெரியுது?"

"அது வேஸ்ட் இல்லைங்க," என்றார் மரகதம். "துணி."

தண்டபாணி போய் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். "துண்டு துண்டாத்தானே இருக்குது? குடுங்க, யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேனுங்க."

சொன்னது மரகதம் இல்லை. நாச்சிமுத்து. தூணை விட்டு இரண்டு அடி முன்னால் வந்திருந்தார். வந்து நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"அதை வெட்டுனவன் நான்தானுங்க. லோடு கொறையுதேன்னு முழுத் துணிய எடுத்து வெட்டிப் போட்டேன். அது போகாதுங்க."

தண்டபாணி அவரை மேலும் கீழும் பார்த்தார். மரகதத்தைப் பார்த்தார். மரகதம் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல ஆளுகளாப் புடிச்சு வெச்சிருக்கறீங்க போங்க," என்றார் தண்டபாணி. "ஏத்துங்கப்பா எண்ணூறை. அடுத்த லோடுக்கு நான் வேற எடம் பார்த்துக்கறேன்."

"பாருங்க," என்றார் மரகதம். "எங்க எடுத்தாலும் ஒரு பத்துத் துண்டைத் தரையில அடுக்கிப் பார்த்து எடுங்க. நடுவுல சட்டை தெரியுதான்னு பாருங்க."

லாரி போய்விட்டது. நாச்சிமுத்து மூட்டைகளின் பக்கத்தில் போய் நின்றார்.

"இதை என்னங்க பண்றது மாஸ்டர்?"

"வெட்டுனவர் நீங்க. நீங்கதான் சொல்லோணும்."

அவர் ஒரு சதுரத்தை எடுத்து விரித்தார். சாண் வைத்து அளந்தார். குறுக்கே மடித்தார். நெடுக்கே மடித்தார். மூலையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு வருஷத்துக்கு முன்பு இந்த அளவுத் துண்டைக் காலால் தள்ளியிருப்பார்.

"பெரிய ஆளுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. கைக்கொழந்தைக்கு ஜப்லாச் சட்டை வரும்."

"எத்தனை வரும்?"

"ரெண்டு சதுரத்துக்கு ஒண்ணுங்க. ஏழாயிரத்துக்குக் கொறையாதுங்க."

"அப்ப எதுக்குங்ணா நிக்கறீங்க?"

மறுபடி வேலுச்சாமியின் கம்பெனி. ஒன்பது நாள் நாச்சிமுத்து வெட்டினார். முழுத் துணியில் வெட்டுவது வேறு, வெட்டிய துண்டில் வெட்டுவது வேறு. நூறு சதுரத்தை அடுக்கினால் ஒன்று நழுவும். நழுவியதை எடுத்து நீவி மறுபடி அடுக்க வேண்டும். தன் கையால் செய்ததைத் தன் கையாலேயே சரி செய்வது எவ்வளவு பெரிய வேலை என்று அவர் இடுப்புக்குத் தெரிந்தது. வேலுச்சாமி எட்டு மிஷினையும் துடைத்து எண்ணெய் விட்டான். பூட்டிக் கிடந்த கம்பெனியில் தையல்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பிறந்த குழந்தைத் துணி விற்கிற ஒருவர் வந்து பார்த்து, இருக்கிறதெல்லாம் எனக்கே வேண்டும் என்றார்.

"ஒரு வருசம் இதை மூலையில வெச்சுட்டு உக்காந்திருந்தேன் பாரு நாச்சி, என்னையச் செருப்பால அடிக்கோணும்," என்றான் வேலுச்சாமி.

"என்னையும் சேர்த்து அடி," என்றார் நாச்சிமுத்து.

பத்தாம் நாள் காலையில் குடோனுக்குப் போனார். ஒரு கையில் ஒரு சாக்கு. இன்னொரு கையில் தைத்து முடித்த ஒரு ஜப்லா. சாக்கைத் தரையில் கொட்டினார். சின்னச் சின்னக் கழுத்து வளைவு, கை வளைவு. உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைத் துண்டுகள்.

"இதுல சட்டை பொறந்திருக்குதுங்க மாஸ்டர். சந்தேகம்னா அடுக்கிப் பாருங்க."

பூவாத்தாள் நிஜமாகவே குந்தி நாலு துண்டை அடுக்கினாள். நடுவில் ஒரு சாண் அளவுக்குக் குட்டிச் சட்டை ஒன்று தெரிந்தது. "அய்யோ, கண்ணு!" என்று அதைத் தரையோடு சேர்த்துக் கொஞ்சினாள்.

மரகதத்தின் போன் அடித்தது. தண்டபாணி. குரல் நாலு பேருக்குக் கேட்டது.

"அம்மிணி, பதினாறுன்னே அடிக்கச் சொல்லிட்டான் வெளிநாட்டுக்காரன். அத்தனை கரெக்டா யாரு சொன்னாங்கன்னு கேட்டான். அதை உடுங்க. வேற எடத்துல ரெண்டு லோடு பார்த்தேன். நீங்க சொன்னீங்கன்னு தரையில அடுக்கிப் பார்த்தேன்."

"சட்டை தெரிஞ்சுதுங்களா?"

தண்டபாணி பேச்சை மாற்றினார். "அடுத்த லோடு எப்ப குடுப்பீங்க?" என்றார்.

"வர்றப்ப குடுக்கறோம்ங்க. எத்தனை வருதோ அத்தனை," என்று போனை வைத்தார் மரகதம்.

பெண்கள் அவரவர் இடத்துக்குப் போனார்கள். நாச்சிமுத்து போகவில்லை. ஜப்லாவை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார். பத்து நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் கேட்டார்.

"மாஸ்டர், பெருமாநல்லூர் ஷெட்டு இனி எனக்கு இல்லைதானுங்களே?"

மரகதம் கையை நீட்டினார். ஜப்லாவை வாங்கி, தோளைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தையலைத் தடவினார். மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இதை மொதல்ல ஒரு கொழந்தை போடட்டுங்ணா. பால் கக்கட்டும், மண்ணுல பொரளட்டும், அடுத்தது பொறந்தா அதுவும் போடட்டும். போட்டுப் போட்டுக் கிழியட்டும். கிழிஞ்சு உங்க கைக்கு வரட்டும். அன்னிக்கு நீங்களே போய் ஷெட்டைத் தொறங்க."

நாச்சிமுத்து ஜப்லாவைப் பார்த்தார். ஏழாயிரம் ஜப்லா. எந்த ஊரோ, எந்த வீடோ.

"கிழிஞ்சது எப்படிங்க என் கைக்கு வரும்? யாரு கொண்டாந்து குடுப்பாங்க?"

"யாரும் கொண்டாந்து குடுக்க மாட்டாங்க. மேசையில விழறதுதான் கொறைஞ்சு போச்சுங்களே. இனி உடுத்திக் கிழிஞ்ச வெள்ளையை நீங்கதான் வீடு வீடாத் தேடிப் போய் வாங்கிட்டு வரோணும்," என்றார் மரகதம். "பெருமாநல்லூர் மாஸ்டருக்கு வேற என்னுங்ணா வேலை?"